துரு துடைக்காத மஸ்டாங்

1968-இல் வந்த ‘புல்லிட்’ படத்தின் துரத்தல் காட்சிக்குச் சான்பிரான்சிஸ்கோவின் மேட்டுத் தெருக்களில் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய கரும்பச்சை ஃபோர்டு மஸ்டாங், 1974-இல் 6,000 டாலருக்கு ஓர் அமெரிக்கக் குடும்பத்திடம் வந்தது. ஆசிரியையான வீட்டம்மா அதில்தான் பள்ளிக்கூடம் போய்வந்தார். ஒரு காருக்கு எத்தனை நல்ல வாழ்வு! 1977-இல் மெக்வீனே கடிதம் எழுதிக் கேட்டும் அவர்கள் கொடுக்கவில்லை. 1980-இல் கிளட்ச் போனதும் வண்டி ஓய்ந்தது.

2018-இல் டெட்ராய்ட் கண்காட்சியில் அது மீண்டும் வெளியே வந்தபோது, மங்கிய பெயிண்ட், துரு, கேமரா பொருத்திய அடையாளங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. புதுப் பெயிண்ட் அடிக்க யாருக்கும் கை துறுதுறுக்கும். அடிக்காமல் விட்டார்களே, அந்த ரசனையைத்தான் நான் மெச்சுகிறேன். பளபளப்பாக்கியிருந்தால் படத்தின் தடயமே அழிந்திருக்கும். 2020 ஜனவரியில் அதே கோலத்தில் ஏலத்துக்குப் போய், கட்டணங்களும் சேர்த்து 37.4 லட்சம் டாலருக்கு விற்றது.