பொன் தேடிப் போனோர் கதையில் விடுபட்டோர்

சாப்ளின் தம் காலணியைச் சமைத்துத் தின்னும் 1925-ஆம் ஆண்டுத் திரைப்படத்தைக் கண்டு நகைத்தவர் நம்மில் பலர். அந்நகைப்பின் பின்னே நிற்கும் வரலாறு நகைப்புக்குரியதன்று. கனடாவின் வடமேற்கில் யூக்கான் பேராற்றோடு கலப்பது கிளாண்டைக் ஆறு. 1896 ஆகஸ்டில் அதன் ஓடையொன்றில் பொன் கிடைத்தது. மறு ஆண்டு சூலையில் பொன்னேற்றிய கப்பல்கள் சான்பிரான்சிஸ்கோவையும் சியாட்டிலையும் அடைந்ததும், ஏறத்தாழ 1,00,000 பேர் வடக்கு நோக்கிப் புறப்பட்டனர். போய்ச் சேர்ந்தோர் 30,000 முதல் 40,000 பேர். பொன்னைக் கண்டோரோ சில ஆயிரவரே.

அவ்வாறு சென்றவருள் ஒருவர் 21 அகவை இளைஞரான ஜாக் லண்டன். 1898-இல் ஸ்கர்வி நோயோடும், சொல்லத்தக்க பொன் ஏதுமின்றியும் திரும்பினார். 1903-இல் வெளிவந்த அவருடைய புதினத்தைப் பெ. தூரன் 'கானகத்தின் குரல்' எனத் தமிழாக்கியுள்ளார். கலிபோர்னியாவிலிருந்து களவாடப்பட்டுப் பனிநிலத்தில் சறுக்குவண்டி இழுக்கும் பக் என்னும் நாயே அதன் தலைவன்.

இந்நூலில் நாம் வியப்பது சுமையைப் பற்றிய ஆசிரியரின் அறிவு. ஓராண்டுக்கு வேண்டிய உணவின்றி எவரும் உள்ளே வரலாகாது என்று கனடாவின் காவற்படை ஆணையிட்டது. கருவிகளையும் சேர்த்து ஒருவர்க்கு ஒரு டன் எடை. அதனைச் சிறுசிறு மூட்டைகளாக்கிச் சில்கூட் கணவாயில் பலமுறை ஏறி இறங்கிச் சுமந்தனர். அப்பாடு அறிந்தவராதலின், வண்டி கொள்ளாத அளவு பொருளேற்றி, நாய்களைப் பட்டினியிட்டு, ஈற்றில் பனிக்கட்டி உடைந்து ஆற்றில் மூழ்கும் ஹால், சார்லஸ், மெர்சிடிஸ் மூவரையும் உள்ளவாறே தீட்டிவிட்டார். ஊர்விட்டு ஊர் வந்த நம்போன்ற குடும்பத்தார்க்கு, எதை எடுப்பது, எதை விடுப்பது என்னும் அவர்தம் பூசல் அயலாகத் தோன்றாது.

ஆயின் கதையின் முடிபு நம்மை நிறுத்துகிறது. பக்கின் அன்புக்குரிய தார்ன்டனை ஈஹாட் என்னும் குடியினர் கொல்கின்றனர். நாய் அவர்களைக் குதறிப் பழிதீர்க்கிறது. ஈஹாட் என்றொரு குடி உலகில் இல்லை; அஃது ஆசிரியரின் கற்பனை. நாயின் கதையில் மக்கள் வரலாற்றைத் தேடலாமா என வினவுவோர் உளர். சுமையின் எடைவரை வரலாற்றுக்கு உண்மையாய் நின்றவரிடம் இதனைக் கேட்பது முறையே என்பது நம் கருத்து.

உண்மையில் நிகழ்ந்தது வேறு. பொன்னைக் கண்டெடுத்த குழுவிலேயே ஸ்கூக்கம் ஜிம், டாசன் சார்லி என்னும் இருவர் டாகிஷ் குடியினர். கிளாண்டைக் ஆற்றுமுகத்தில் சால்மன் மீன் பிடித்து வாழ்ந்த ஹான் மக்களோ, வந்தோர் பெருகியதால் அவ்விடம் இழந்து, ஆற்றின் கீழ்ப்புறத்தே மூஸ்ஹைட் என்னும் சிற்றூருக்குப் பெயர்ந்தனர். அம்பெய்து எவரையும் துரத்தியவரல்லர், துரத்தப்பட்டவர் அவர்களே. ஒரு நாயின் நெஞ்சத்துள் புகுந்து பார்த்த பேராற்றல், அருகிலேயே வாழ்ந்த இம்மாந்தரின் வாயில்வரைகூடச் செல்லவில்லை.

அவர்தம் தலைவர் ஐசக், வந்தேறியோர் வெள்ளத்தில் தம் பாடல்களும் ஆடல்களும் அழிந்துபடுமோ என அஞ்சி, அவற்றை அலாஸ்காவில் வாழ்ந்த உறவினரிடம் காத்துவைக்கும்படி ஒப்படைத்தார். பல பத்தாண்டுகளுக்குப் பின் அவருடைய வழியினர் அங்குச் சென்று அப்பாடல்களை மீண்டும் கற்றுவந்தனர்.