ஓலைக் குடிசைக்கு இடிபாடு கிடையாது

வட சென்னையின் பழைய ஆலைப் பகுதிகளைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகளுக்கு இப்போது ஒரு வார்ப்பு வந்துவிட்டது. செங்கல் சுவர், அதைப் பிளந்துகொண்டு வளர்ந்த அரசமரம், துருப்பிடித்த கூரை, ஒரு புகைபோக்கி. நடுவில் “இங்கேதான் ஒருகாலத்தில்…” என்று ஒரு வாக்கியம். கடைசியில் அடுக்குமாடிக் குடியிருப்பின் விளம்பரப் பலகை. படித்து முடித்ததும் நமக்கும் மனசு கொஞ்சம் கனக்கும். சும்மா சொல்லக்கூடாது, சில கட்டுரைகள் நன்றாகவே எழுதப்பட்டவை. இருந்தாலும் அவற்றை அடுத்தடுத்துப் படிக்கும்போது ஒரு கேள்வி உறுத்துகிறது. இதில் தொலைந்துபோனது யாருடைய தெரு?

பெரும்பாலும் இந்தக் கட்டுரைகள் சுற்றிவருவது பெரம்பூர் பின்னி மில்லை. பக்கிங்ஹாம் மில், கர்னாடிக் மில் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கப்பட்ட இரண்டு ஆலைகள், 1920-இல் ஒன்றாகி ‘பி அண்ட் சி மில்’ ஆயின. ஊர் வாயில் அது எப்போதும் பின்னி மில்தான். ராணுவத்துக்கும் போலீசுக்கும் காக்கி நெய்த மில். 1996-இல் மூடப்பட்டது. சுற்றிலும் ஓட்டேரி, பட்டாளம், புளியந்தோப்பு, சூளை, கொஞ்சம் தள்ளி வியாசர்பாடி. மில்லின் சங்கு ஊதினால் இத்தனை இடத்துக்கும் பொழுது விடிந்தது.

மூடிய பிறகு அந்தக் கொட்டகைகள் பல வருடம் சினிமா படப்பிடிப்புக்கு வாடகைக்குப் போயின. நீங்கள் பார்த்த எத்தனையோ சண்டைக் காட்சிகளில் உடைந்த ஜன்னல் வழியே வெளிச்சம் சாய்வாக விழுமே, அவற்றில் பல அங்கே எடுத்தவை. பத்தாயிரம் பேர் அளவில் ஷிஃப்ட் போட்டு உழைத்த இடம், திரையில் ரவுடிகள் அடித்துக்கொள்ளும் இடமாக நமக்கு அறிமுகமானது. வட சென்னை என்றாலே கத்தி என்ற பிம்பத்தை அந்தத் தறிக்கூடத்திலேயே வைத்துப் படம்பிடித்திருக்கிறோம். இந்த முரணை எழுதிய கட்டுரை ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. புகைபோக்கியை எழுத மட்டும் ஆள் இருக்கிறது.

இடிபாட்டின் மேல் நமக்கு இருக்கும் மோகம் கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம். இடிபாடாக மாற வேண்டுமென்றால் ஒரு கட்டடம் முதலில் செங்கல்லாலோ கல்லாலோ கட்டப்பட்டிருக்க வேண்டும். ஓலைக் குடிசைக்கு இடிபாடு கிடையாது. அது எரிந்தால் சாம்பல், மழையில் போனால் சேறு, பெயர்த்து எறிந்தால் வெறும் தரை. ஆக, இடிபாட்டைப் பார்த்து நினைவுகூர்வது என்று ஆரம்பித்தாலே, முதலாளி கட்டியதை மட்டும் நினைவுகூர்வது என்று ஆகிவிடுகிறது. தொழிலாளி வாழ்ந்த இடம் படத்தில் விழுவதில்லை, கட்டுரையிலும் விழுவதில்லை. எழுதுபவர் கெட்டவர் என்று சொல்லவரவில்லை. அவர் கேமராவை எடுத்துக்கொண்டு போகிறார், கேமராவுக்கு எது நிற்கிறதோ அதுதான் தெரியும்.

1921-ஐ எடுத்துக்கொள்வோம். அந்த வருடம் மே, ஜூன் மாதங்களில் தொடங்கிய வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. ஆதி திராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் அதில் சேரவில்லை. எம்.சி. ராஜா போன்ற தலைவர்களின் நிலைப்பாடும் அப்படித்தான் இருந்தது. எதுவும் கையிருப்பு இல்லாத ஒருவனிடம் மாதக்கணக்கில் கூலி இல்லாமல் இரு என்று சொல்வது எளிது, இருப்பது எளிதல்ல. அதோடு, அவனைத் தெருவில் சமமாக நடத்தாதவர்கள் ஆலை வாசலில் மட்டும் தோழனே என்று கூப்பிட்டால் அவன் ஏன் நம்ப வேண்டும்? ஜூன் இறுதியில் புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. அடுத்த மாதங்களில் மோதல், போலீஸ் துப்பாக்கிச் சூடு, சாவுகள். வேலைநிறுத்தம் தோற்றது.

பின்னி மில்லைச் சுற்றித் ‘தொலைந்த தெரு’ என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், என் கணக்கில் இந்த எரிந்த வரிசைகளுக்குத்தான் முதலிடம். மில் மூடப்படுவதற்கு எழுபத்தைந்து வருடம் முன்பே தொலைந்தவை. அவற்றை எரித்தது பில்டர் அல்ல, உலகமயமாக்கமும் அல்ல. அதே மில்லில் வேலை செய்தவர்களுக்கிடையே இருந்த பிளவு. ஏக்கக் கட்டுரைக்கு இது கொஞ்சமும் ஒத்துவராத செய்தி. “எல்லோரும் ஒரு குடும்பமாக இருந்தோம்” என்ற வாக்கியம் இங்கே வந்து தடுக்கி விழுகிறது. அதனாலேயே தாண்டிப் போய்விடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

இதற்கு மூன்று வருடம் முன்னால் நடந்தது எல்லோருக்கும் பிடித்த கதை. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று பொதுவாக இதைத்தான் சொல்வார்கள். பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர். ஆனால் அதற்கு விதை போட்டவர்கள் பெரம்பூர் வட்டாரத்து வியாபாரிகள் இரண்டு பேர், செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும். ஒருவருக்குத் துணிக்கடை, மற்றவருக்கு அரிசி வியாபாரம். கடைக்கு வந்த தொழிலாளர்கள் புலம்பியதைக் கேட்டுத்தான் செட்டியாருக்கு இந்த யோசனை. வெங்கடேச குணாமிருத வர்ஷிணி சபை என்ற பக்திச் சபைதான் முதல் கூட்டங்களுக்கு மேடை போட்டது. ஆரம்பக் கோரிக்கைகளில் முக்கியமானது, சாப்பாட்டு இடைவேளை அரை மணி நேரம் போதவில்லை என்பது.

இதை முதலில் படித்தபோது எனக்குப் பெரிய ஆச்சரியம். இந்தியத் தொழிலாளர் வரலாற்றின் ஒரு முக்கியமான கட்டடம் ஒரு துணிக்கடை! நம் பாரம்பரியக் கட்டடப் பட்டியல்களில் இப்படி ஒன்று நுழையவே முடியாது. அதற்கு வளைவு கிடையாது, தூண் கிடையாது, வெள்ளைக்காரக் கட்டடக் கலைஞர் பெயர் கிடையாது. ஒரு திண்ணை இருந்திருக்கும். கடன் கணக்கு நோட்டு இருந்திருக்கும். சாயங்காலம் சங்கு ஊதிய பிறகு வேட்டி வாங்க வந்தவர், வாங்காமல் பேசிக்கொண்டே நின்றிருப்பார். இதெல்லாம் என் ஊகம்தான். ஆனால் ஒரு தெரு என்பது அடிப்படையில் இப்படி நின்று பேச ஒரு இடம் என்பதை அந்தச் சங்கத்தின் பிறப்பு காட்டுகிறது.

திரு.வி.க.வின் ‘வாழ்க்கைக் குறிப்புகள்’ (1944) இந்தக் காலத்துக்கு நம்மிடம் உள்ள பெரிய தமிழ்ச் சாட்சியம். அந்த உரைநடையின் மேல் எனக்கு மரியாதை உண்டு. தொழிலாளர்களைப் பரிதாபத்துக்கு உரியவர்களாக எழுதாமல், உரிமை உள்ளவர்களாக எழுதிய முதல் தமிழ் எழுத்துகளில் அது ஒன்று. ஆனால் வட சென்னையின் தெருவைத் தேடி அதைத் திறந்தால் ஏமாற்றம்தான். அவரிடம் தெரு மேடையாகவே வருகிறது. கூட்டம், பேச்சு, ஊர்வலம், தலைவர்கள். அவர் இராயப்பேட்டைக்காரர், பெரம்பூருக்குப் பேச வந்து திரும்பிப் போனவர். இதைக் குறையாகச் சொல்லவில்லை, அவர் நின்ற இடத்திலிருந்து அதுதான் தெரிந்தது. சிக்கல் என்னவென்றால், பின்னால் வந்த நாம் அந்த மேடைக் காட்சியையே முழு வட்டாரமாக எடுத்துக்கொண்டோம். மேடை இல்லாத நாட்களில் அந்தத் தெருவில் யார் யாரோடு பேசினார்கள், யார் வீட்டில் யார் தண்ணீர் குடிக்கவில்லை என்பதற்கு நம்மிடம் எழுத்து குறைவு.

சினிமா சமீபத்தில் இந்த இடத்தைக் கொஞ்சம் நிரப்பியிருக்கிறது. பா. ரஞ்சித்தின் ‘மெட்ராஸ்’ (2014) வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் ஒரு சுவரை மையமாக வைத்துக்கொண்ட படம். அதில் சுவர் அழகான இடிபாடாக வரவில்லை. யார் படம் அதில் இருக்க வேண்டும் என்பதற்காக ஆட்கள் சாகும் சுவர். ஒரு கட்டடத்தைச் சண்டைக்குரியதாக, இப்போதும் உயிரோடு இருப்பதாகக் காட்டியதுதான் அந்தப் படத்தின் பலம். காதல் பகுதி நீளம் என்பது என் கருத்து, அது கிடக்கட்டும். ஏக்கக் கட்டுரைகள் நூறு சேர்ந்தும் சொல்லாத ஒன்றை அந்தச் சுவர் சொல்கிறது. இந்த வட்டாரத்தில் இடம் என்பது நினைவுச்சின்னமாக இருந்ததைவிட வழக்காக இருந்த காலமே அதிகம்.

எழுத்தில் இதை எப்படிச் செய்யலாம் என்பதற்குச் சென்னைக்கு வெளியே போய் ஒரு புத்தகத்தைப் பார்க்க வேண்டும். மும்பையின் பரேல், லால்பாக் பகுதிகளைச் சேர்த்து கிரண்காவ் என்பார்கள். மராத்தியில் மில் கிராமம் என்று பொருள். 1982 ஜனவரி 18-இல் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் பேர் இறங்கினார்கள். அதன் பிறகு அந்த உலகம் திரும்பவில்லை. மில் நிலங்கள் மால்களும் கோபுரங்களும் ஆயின. பீனிக்ஸ் மில் எந்த மாலாக ஆனது என்று மும்பை போனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த வட்டாரத்தைப் பற்றி நீரா அடார்கரும் மீனா மேனனும் தொகுத்த வாய்மொழி வரலாறு 2004-இல் ஆங்கிலத்தில் வந்தது. தலைப்பே ‘நூறு ஆண்டுகள், நூறு குரல்கள்’ என்ற பொருள்படும்.

அந்தப் புத்தகத்தில் நான் மதிப்பது அதன் இணக்கமின்மையை. ஒரே வேலைநிறுத்தத்தை ஒருவர் வீரம் என்கிறார், இன்னொருவர் தற்கொலை என்கிறார், தொகுப்பாளர்கள் சமாதானம் செய்துவைக்க அவசரப்படவில்லை. ஊரிலிருந்து தனியாக வந்த ஆண்களுக்குச் சமைத்துப்போட்ட பெண்களின் கானாவல்கள், அதாவது சாப்பாட்டு வீடுகள், ஒரு தெருவின் உண்மையான கட்டமைப்பாக அங்கே தெரிகின்றன. மில் சுவரைவிட அவைதான் அந்த வட்டாரத்தைத் தாங்கின. தொழிற்சங்கக்காரர்களின் குரல் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது என்ற குறை எனக்கு உண்டு. இருந்தாலும் சென்னைக்கு இப்படி ஒன்று வேண்டும்.

என் தொழில் மென்பொருள். எங்கள் வேலையில் நூறு வரிகளை அழித்தாலும் யார் அழித்தார், எப்போது, எதற்காக என்ற பதிவு மிஞ்சும். பத்து வருடம் கழித்து ஒருவன் வந்து பழையதை எடுத்துப் பார்க்கலாம், அழித்தவனைத் திட்டலாம். தெருவுக்கு அந்த வசதி இல்லை. சாட்டிலைட் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தால் நீச்சல்குளம்தான் தெரிகிறது.

நண்பர் ஒருவரின் தாத்தா பின்னி மில்லில் நெசவுப் பிரிவில் இருந்தவர். எண்பதைத் தாண்டிய பிறகு அவரோடு இரண்டு மூன்று தடவை பேசியிருக்கிறேன். மில் கட்டடத்தைப் பற்றிக் கேட்டால் ஒரு வரிக்கு மேல் பதில் வராது. “பெருசா இருக்கும்பா, சத்தமா இருக்கும்.” தறிச் சத்தத்தில் காது கேட்காது என்பதால் கையாலும் உதட்டாலும் பேசிக்கொள்வார்களாம், அதை மட்டும் செய்துகாட்டினார். ஆனால் எந்த வழியாக வேலைக்கு நடந்து போனீர்கள் என்று கேட்டதும் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். டீக்கடை, அடிபம்பு, கடன் தரும் மளிகைக்கடை, கடன் தராத மளிகைக்கடை என்று வரிசையாக வந்தது. நடுவில் ஒரு தெருவை விட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு போனார்.

“நேரா போனா கிட்டக்கதானே தாத்தா?” என்றேன்.

“கிட்டக்கதான். எங்க நைனா அந்தப் பக்கமா போவ மாட்டாரு தம்பி. சுத்திக்கினுதான் போவாரு. நானும் அப்டியே பழகிட்டேன்.”

ஏன் என்று கேட்டேன். அது அப்படித்தான் என்றார். அவருடைய நைனாவும் அதே மில்தான், 1921-இல் பையனாக இருந்திருப்பார். இரண்டையும் முடிச்சுப்போட எனக்கு ஆதாரம் இல்லை, போடவும் மாட்டேன். ஆனால் காரணம் மறந்துபோன பிறகும் இரண்டு தலைமுறைக் கால்கள் சுற்றிப் போயிருக்கின்றன. எந்தப் புகைப்படத்திலும் இல்லாத தெரு அது.

மில் மூடப்பட்ட 1996-இல் இருபத்தைந்து வயதில் இருந்தவர்கள் இப்போது ஐம்பதைத் தாண்டியிருப்பார்கள். அவர்களுக்குத் தங்கள் அப்பாக்கள் சொன்னது நினைவிருக்கும். இன்னும் ஒரு பதினைந்து இருபது வருடத்துக்குக் கேட்கலாம். கேமராவை வீட்டில் வைத்துவிட்டு, ஒரு தாளும் பென்சிலும் கொண்டுபோய், நடந்த வழியை வரைந்து தரச் சொல்லலாம். எங்கெல்லாம் சுற்றிப் போனார்கள் என்பதையும் சேர்த்து.