தட்டிக்கு அந்தப் பக்கமும் வகுப்பு

கேரள–தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஊர்களின் பழைய ஓட்டுக்கூரை எல்.பி. ஸ்கூல்களை (கீழ்த் தொடக்கப் பள்ளிகளை) நினைத்தால் முதலில் நினைவுக்கு வருவது அந்த மரத்தட்டிகள்தான். நீளமான ஒரே கூடம், நடுநடுவே தட்டி. இந்தப் பக்கம் வாய்ப்பாடு, அந்தப் பக்கம் மலையாளப் பாட்டு. இரண்டாம் வகுப்புப் பிள்ளை எந்த டீச்சரைக் கேட்கும்? இலங்கையின் மலையகத் தோட்டப் பாடசாலைகளிலும் இதே கதைதான்: அரைச்சுவர் வைத்த மண்டபம், வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையே ஓர் அலுமாரி. இரைச்சல் இரண்டு இடத்திலும் ஒன்றே. அதைச் சரிசெய்ய ஊர் கூடி உட்காரும்போதுதான் பாதை பிரிகிறது.

கேரளத்தில் 1994ஆம் ஆண்டின் பஞ்சாயத்து ராஜ் சட்டத்தைத் தொடர்ந்து அரசு எல்.பி., யு.பி. (மேல் தொடக்க) பள்ளிகள் கிராமப் பஞ்சாயத்தின் பொறுப்புக்கு வந்தன. உயர்நிலைப் பள்ளிகள் மாவட்டப் பஞ்சாயத்துக்குப் போயின. 1996இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு உள்ளாட்சிகளுக்கு என்று முடிவானது. கிராம சபை துறைவாரியாகச் சிறு குழுக்களாகப் பிரிந்து பேசும் வழக்கமும் அப்போதுதான் வேரூன்றியது. எனவே பள்ளி மேலாண்மைக் குழு ஒரு பட்டியல் போட்டால், அதை வார்டு மெம்பரிடம் நேரே கொடுக்கலாம். அவர் அதே ஊர்க்காரர், நாளை ஓட்டுக் கேட்டு வருபவர். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது குழுவின் கடமை.

இலங்கையில் உள்ளாட்சியான பிரதேச சபைக்குப் பாடசாலையில் கை கிடையாது. 1987இன் அரசியலமைப்பு 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு தேசியப் பாடசாலைகள் மத்திய அமைச்சிடமும் மற்றவை மாகாணத்திடமும் இருக்கின்றன. 2006இல் வந்த பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் அதிபர், ஆசிரியர், பெற்றார், பழைய மாணவர் ஆகியோரை ஒரே மேசைக்குக் கொண்டுவந்தது. செயலமர்வில் பலம், பலவீனம் எழுதி, ஐந்தாண்டுத் திட்டமாக்கி, அதை ஆண்டு அமுலாக்கல் திட்டமாக உடைக்கிறார்கள். எந்த வேலை, யார் பொறுப்பு, எப்போது முடியும் என்று கட்டம் கட்டி எழுதும் அந்தப் பழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. நம் குழுக்களின் மினிட்ஸ் புத்தகத்தில் தீர்மானம் இருக்கும், ஆள் பெயர் இருக்காது. இலங்கையில் பணத்துக்கு வலயக் கல்விப் பணிமனையையும், சில பாடசாலைகளுக்கு டொரண்டோவிலும் லண்டனிலும் இருக்கும் பழைய மாணவர் சங்கங்களையும் பார்க்க வேண்டும். தூரத்திலிருந்து கொடுப்பவருக்கு வாயில் வளைவும் மண்டபமும் கண்ணுக்குத் தெரியும். மூன்றாம் வகுப்பின் இரைச்சல் கேட்காது.

கட்டடம் யாருடையது என்பது இன்னொரு பெரிய வேறுபாடு. இலங்கை 1960, 61இல் உதவிபெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசுடைமையாக்கியது. கேரளத்தில் 1957இன் கல்வி மசோதா 1959இல் விமோசன சமரம் என்ற எதிர்ப்புப் போராட்டத்தைக் கிளப்பி, மாநில ஆட்சியே கலைக்கப்பட்டது. எய்டட் (உதவிபெறும்) பள்ளிகள் மேனேஜ்மென்ட் கையிலேயே இருந்துவிட்டன. நெய்யாற்றின்கரைப் பக்கம் அவை ஏராளம். அங்கே தட்டியை எடுத்துச் சுவர் வைக்க வேண்டும் என்று பெற்றோர் எவ்வளவு நன்றாகத் திட்டமிட்டாலும், தீர்மானம் மேனேஜரின் வாசலில் நின்றுவிடும். கூட்டத்துக்கு முதலில் வரவேண்டியவர் அவர்தான்.

எல்லை ஊர்களுக்கு உரிய ஒரு சிக்கலும் உண்டு. 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு சென்னை மாநிலத்துக்கு வந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. தமிழ்நாட்டுப் பக்கத்துக் களியக்காவிளையில் பெண்ணெடுத்து, பாறசாலையில் குடியிருக்கும் வீடுகளில் பேச்சு இரண்டும் கலந்தது. கூட்டத்தின் தாள்களோ அச்சுமலையாளத்தில். தமிழ் படித்து வந்த ஒரு தாய் அந்தத் தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு தலையாட்டுவதைச் சம்மதம் என்று எழுதிவிடக் கூடாது.

அதனால் கூட்டத்துக்கு நாற்காலி போடுவதற்கு முன் பள்ளியைச் சுற்றி நடக்க வேண்டும். பிள்ளைகள் முன்னே போகட்டும். எந்த இடத்தில் டீச்சர் சொல்வது கேட்கவில்லை, எந்தக் குழாய் எட்டவில்லை, மழையில் எந்த பெஞ்சு நனைகிறது என்று அவர்களே தரையில் சாக்பீஸால் வட்டம் போடட்டும். அந்த வட்டத்தைப் பார்த்துத் தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம். பிறகு உட்கார்ந்து, காசில்லாமல் இந்த வாரமே முடிவது, பெற்றோர்–ஆசிரியர் சங்க (பி.டி.ஏ.) காசில் முடிவது, பஞ்சாயத்தோ மேனேஜரோ செய்ய வேண்டியது என மூன்றாகப் பிரித்து, இலங்கைக்காரர்களைப் போல ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் ஆளும் தேதியும் எழுத வேண்டும். மூன்றாவது பட்டியல் அடுத்த கிராம சபைக்கு முன்பே வார்டு மெம்பர் கையில் இருக்க வேண்டும். பஞ்சாயத்தின் அந்த ஆண்டுத் திட்டத்தில் ஏறாவிட்டால் பிள்ளைகள் இன்னும் ஓராண்டு தட்டிக்கு இரு பக்கமும் கத்திப் படிக்க வேண்டியதுதான்.