சங்கும் மூன்று சாஸ்திரங்களும்

பாக் விரிகுடாவில், தொண்டிக் கடலின் அடியில் மணலுக்குள் பாதி புதைந்து கிடக்கும் ஒரு சங்கைப்பற்றி வணிக சரித்திரமும் பிராணி சாஸ்திரமும் சட்ட சாஸ்திரமும் நூறாண்டுக்கு மேலாக எழுதி வந்திருக்கின்றன. ஒன்று எழுதியதை மற்றொன்று படித்த சந்தர்ப்பங்கள் மிகச் சில. ஆயினும் அந்தச் சிலவற்றில்தான் நம் கரையைப்பற்றிய ஆராய்ச்சி பெருமைப்படத்தக்க நிலையை எட்டியது என்பது என் அபிப்பிராயம். வணிக சரித்திரக்காரருக்குச் சாசனமும் கணக்கேடும் பிரமாணம். பிராணி சாஸ்திரிக்குக் கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய உடல் பிரமாணம். வழக்கறிஞருக்கோ முன்தீர்ப்பும் அனுபோகமும். ஒருவருடைய பிரமாணம் மற்றவருக்கு வெறும் செவிவழிச் செய்தியாகவே பல காலம் இருந்துவந்தது.

வணிகத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். தொண்டிக்கு வடக்கே சிறிது தூரத்திலுள்ள தீர்த்தாண்டதானத்துக் கோயிலில் 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் முதலிய வணிகக் குழுவினர் ஒன்றுகூடி, ஏற்றுமதி இறக்குமதியாகும் சரக்குகளின்மேல் ஒரு மகமை வைத்து அதைக் கோயில் திருப்பணிக்குக் கொடுக்க இசைந்ததை அது சொல்லுகிறது. கடல் கடந்து வந்து தங்கிய வணிகரும் உள்நாட்டு வணிகரும் ஒரே ஏற்பாட்டில் கையொப்பமிட்ட ஊர் நமக்கு அண்டையில் இருந்தது என்பதைக் கல்வெட்டியலார் மைப்படி எடுத்து, எழுத்தெழுத்தாகப் படித்து, பிற ஊர்ச் சாசனங்களோடு ஒப்பிட்டு நிலைநாட்டினார்கள். இதற்குப் பின் சில நூற்றாண்டுகளின் கதை ஒல்லாந்தரின் ஏடுகளில் கிடக்கிறது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, மலாயாவிலும் பின்னர் ஆஸ்திரேலியாவிலும் பேராசிரியராக இருந்த சின்னப்பா அரசரத்தினம் அவற்றைத் துருவிப் பார்த்து, சோழமண்டலக் கரையின் வணிகரையும் கம்பெனிகளையும்பற்றி 1986இல் வெளியிட்ட நூல் இத்துறைக்கே ஓர் அளவுகோலாயிற்று. புதுக்கோட்டை அரும்பொருட்காட்சியகத்தோடு தொடர்புடைய ராஜா முகமது, இக்கரை முஸ்லிம்களின் கடல்வணிகத்தைத் தனிநூலாகவே எழுதினார். ஆனாலும் ஒரு குறையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வங்காளத்துக்குப் போய் டாக்காவில் வளையலாக அறுபட்ட நம் சங்குக்குக் கம்பெனி குமாஸ்தா என்ன விலை கொடுத்தான் என்பதை ஒல்லாந்த ஏடு சொல்லும். குத்தகை எடுத்த மரைக்காயருக்கு மிஞ்சியது என்ன, குளியாளிக்குக் கொடுத்த முன்பணம் எந்தத் தலைமுறையில் தீர்ந்தது என்பவற்றை அது சொல்லாது. அவற்றைச் சொல்லக்கூடிய வீட்டுக் கணக்கேடுகளைக் கரையான் படித்து முடித்துவிட்டது.

பிராணி சாஸ்திரம் இவ்விஷயத்தில் பாக்கியசாலி. 1902இல் இலங்கை முத்துச்சிப்பிப் படுகைகளான பார்களைச் சோதிக்க வந்த ஹெர்ட்மன் என்ற பேராசிரியருக்கு உதவியாளராக வந்த ஜேம்ஸ் ஹார்னெல், பின்பு சென்னை மாகாண மீன்துறையில் சேர்ந்து, 1914இல் சங்கைப்பற்றி ஒரு முழு நூல் வெளியிட்டார். உயிரியல், வாணிபம், வங்காளத்து வளையல் தொழில், கோயில் வழக்கம், வலம்புரியின் மதிப்பு எல்லாவற்றையும் ஒரே நூலுக்குள் அடக்கிய துணிவு இன்றைய நிபுணர்களிடம் அரிது. அந்நூலில் எனக்கு மிகவும் பிடித்தது முட்டைக்கூட்டைப்பற்றிய பகுதி. குளியாளிகள் சங்குப்பூ என்று அழைக்கும் அது, ஆட்டுக்கடாவின் கொம்பைப்போல் முறுக்கிக்கொண்டு, அடிமுனை மணலில் ஊன்றி நிற்கும். உள்ளே அறை அறையாகத் தடுப்பு. ஒவ்வோர் அறையிலும் சில குஞ்சுகளே பிழைத்து, ஓட்டோடு முழுச் சங்காகவே வெளிவந்து, பிறந்த இடத்தருகே ஊர்ந்து திரியும்.

இது வெறும் விநோதமன்று. வியாபார இரகசியம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. முத்துச்சிப்பியின் குஞ்சு நீரோட்டத்தில் மிதந்து எங்கோ போய் ஒட்டிக்கொள்வது. ஆகையால் இவ்வாண்டு நிறைந்திருந்த பார் அடுத்த ஆண்டு வெறுமையாகலாம். 1906இல் லண்டன் கம்பெனி ஒன்று இலங்கை முத்துக்குளிப்பை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து, சில ஆண்டுகளுக்குள்ளேயே பார்கள் வறண்டு நொடித்துப்போனதற்கு இந்தச் சிறு குஞ்சின் அலைச்சலும் காரணம். சங்கோ ஊரைவிட்டுப் போகாத பிராணி. இராமநாதபுரம் ராஜாக்களான சேதுபதிகளுக்குச் சங்குக் குத்தகைப் பணம் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருந்ததில் ஆச்சரியமில்லை. பிற்காலத்தில் 1947இல் தோன்றிய மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் 1971இல் கொச்சிக்குப் பெயரும்வரை மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்ததும், இன்று அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை தொண்டியிலேயே இயங்குவதும், ஹார்னெல் இட்ட பாதையின் தொடர்ச்சியே.

சட்டத்தாரின் கதை இன்னும் சுவையானது. 1904இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் அன்னக்குமாரு பிள்ளைக்கும் முத்துப்பாயலுக்கும் நடந்த வழக்கு, இராமநாதபுரம் ராஜாவுக்குரிய சங்குப் பாரில் பிறர் சங்கெடுத்தால் அது திருட்டாகுமா என்ற சிறிய கேள்வியில் தொடங்கியது. ஆனால், கரையிலிருந்து மூன்று மைலுக்கு அப்பால் அரசனுக்கு அதிகாரமுண்டா என்பது அக்காலத்துப் பெரிய விவாதம். 1876இல் இங்கிலாந்தில் ஒரு ஜெர்மன் கப்பல் தலைவனுடைய வழக்கில் நீதிபதிகள் இரண்டாகப் பிரிந்து நின்று, பாராளுமன்றம் 1878இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. அந்த மேல்நாட்டு விவாதங்களையெல்லாம் எடைபோட்ட சென்னை நீதிமன்றம், பாக் விரிகுடா நிலம் சூழ்ந்த கடல், நெடுங்காலமாக ஆளுகைக்கும் அனுபோகத்துக்கும் உட்பட்டது, ஆகவே அது நாட்டின் பகுதியேயன்றி எல்லாருக்கும் பொதுவான பெருங்கடலன்று என்று முடிவு செய்தது. ஓடித் திரியும் மீனைப் பிடிக்கும்வரை அது ஒருவருக்கும் உடைமையன்று என்பது பழைய நியாயம். இருந்த இடத்தைவிட்டு அதிகம் அசையாத சங்கைப் பாருக்கு உரியவனின் உடைமை எனலாமா என்று கேட்கும்போது, வழக்கறிஞர் அறிந்தோ அறியாமலோ பிராணி சாஸ்திரியின் வாசலில் நிற்கிறார். ஹார்னெல்லின் நூலோ அப்போது வெளிவரவில்லை.

1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு, கடலடித் தரையும் ஜமீனைச் சேர்ந்ததா என்ற கேள்வி சங்குக் குத்தகைதாரர் மூலமாக மறுபடியும் அதே நீதிமன்றத்துக்கு வந்தது. 1974இல் இந்தியாவும் இலங்கையும் எல்லை வகுத்த ஒப்பந்தம் இந்த விரிகுடாப் பரப்பை வரலாற்று நீர்ப்பரப்பு என்றே தலைப்பில் குறிப்பிட்டது. குளியாளியின் மூச்சடக்கமும் குத்தகைச் சீட்டும் சேர்ந்து நிலைநாட்டிய அனுபோகம், ராஜதந்திரிகளின் மேஜை வரை போய்ச் சேர்ந்துவிட்டது.

சாஸ்திரங்கள் ஒன்றையொன்று படிக்காததற்குப் பிற்கால உதாரணமான கப்பாபைகஸ் என்னும் அந்நியப் பாசியின் கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். மண்டபத்திலிருந்த வேறோர் ஆராய்ச்சி நிலையத்தில் பழக்கப்பட்டு, பெப்சி கம்பெனியின் தொடர்பால் மூங்கில் மிதவைகளில் ஏறி, எத்தனையோ பெண்களுக்குக் கூலி கொடுத்த அது, பின்னர் குருசடைத் தீவின் பவளப்பாறைமேல் படர்ந்ததாக வேறு ஆய்வாளர் எழுதினார்கள். வருமானக் கணக்கை ஒரு கட்சியும் பவளத்தின் கணக்கை மறு கட்சியும் காட்டினவேயொழிய, இரண்டையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தவர் குறைவு.

இப்போது சங்கின் இடத்தில் நிற்பது கடல் அட்டை. 1988இல் தூத்துக்குடியில் செயற்கை முறையில் அதன் குஞ்சுகளைப் பொரிக்கச் செய்தது நம் விஞ்ஞானிகளின் சாதனை. 2001இல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது ஏறியதால், தொண்டிக்காரர் வலையில் தானே சிக்கினாலும் கரைக்குக் கொண்டுவருவது குற்றம். பாக் நீரிணையின் மறுகரையில் உரிமம் பெற்றவர் அதையே குளித்தெடுத்து, அவித்து உலர்த்தி, ஏற்றுமதி செய்கிறார்கள். இந்திய ஆய்வாளர் பாதிக் கடலில் எண்ணுகிறார். இலங்கை ஆய்வாளர் மறுபாதியில் எண்ணுகிறார். அட்டை எவ்வளவு இருக்கிறது என்று கேட்கும் நீதிமன்றத்துக்கும் வியாபாரிக்கும் இன்று கிடைப்பவை அந்த இரண்டு பாதிக் கணக்குகளே.