திரை தந்த சிற்றூர்

அருங்காட்சியகம் நடந்த வாழ்வைக் காப்பது. திரைப்படம் நடவாததையும் நடந்ததாகக் காட்டுவது. இவ்விரண்டும் ஒரே கூரையின்கீழ்க் கூடும்போது எதை மெய்யெனக் கொள்வது? இத்தாலியில் போ ஆற்றங்கரையில் அமைந்த பிரெஷெல்லோ என்னும் சிற்றூர் இக்கேள்வியை நம்முன் வைக்கிறது.

எழுத்தாளர் ஜொவான்னினோ குவாரெஸ்கி (1908–1968) அவ்வாற்றுச் சமவெளியில் பிறந்தவர். அவர் படைத்த பாதிரியார் டான் கமில்லோவும் பொதுவுடைமைக் கட்சி ஊர்த்தலைவர் பெப்போனேயும் ஓயாது மோதுவர். ஊருக்கு இடர் வந்தால் ஒருங்கே நிற்பர். முதல் தொகுதி 1948-இல் வெளிவந்தது. பிரெஞ்சு இயக்குநர் ஜூலியன் டுவிவியே 1952-இல் அதனைப் படமாக்கினார். பிரெஞ்சு நடிகர் பெர்னாண்டெல் பாதிரியாராகவும், இத்தாலியரான ஜீனோ செர்வி ஊர்த்தலைவராகவும் நடித்தனர். 1965 வரை ஐந்து படங்களில் அவ்விணை தொடர்ந்தது. கதையில் வருவது கற்பனை ஊர். படப்பிடிப்புக்குத் தெரிந்தெடுக்கப்பட்டதால் அப்பேறு பிரெஷெல்லோவுக்கு வாய்த்தது.

அங்குள்ள அருங்காட்சியகங்களுள் ஒன்று படங்களின் மிதிவண்டி, உடை, சுவரொட்டி, புகைப்படங்களைக் காக்கிறது. மற்றொன்று குவாரெஸ்கி, நிலப்பகுதி, சினிமா ஆகிய மூன்றையும் தன் பெயரிலேயே இணைத்துள்ளது. டான் கமில்லோவோடு பேசுவதாகப் படத்தில் வரும் சிலுவை, இன்று அவ்வூர்த் தேவாலயத்திலேயே இருக்கிறது. புனைவுக்கென வந்த பொருள் வழிபாட்டிடத்தில் நிலைபெற்றுவிட்டது. திரையின் ஆற்றலுக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆயினும் இவ்வாற்றலை ஐயமின்றி ஏற்பதற்கில்லை. திரையின் ஊரில் பகை, சிரிப்பில் முடிகிறது. மெய்யான ஊருக்கு அவ்வசதி இல்லை. 2016-இல், குற்றக் கும்பலின் ஊடுருவலைக் காரணம் காட்டி இத்தாலிய அரசு இவ்வூரின் நகராட்சி மன்றத்தையே கலைத்தது. சுவரொட்டியில் சிரிக்கும் பெப்போனேயை மட்டும் கண்டு திரும்புவோர் இவ்வூரைக் கண்டவராகார்.

அதனாலேயே அப்படங்களைப் பொய்யென ஒதுக்கலாமோ எனின், அதுவும் தகாது. முதற்படத்தில் பண்ணைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்கின்றனர். கறப்பாரின்றி மாடுகள் தொழுவத்தில் கதறுகின்றன. அவற்றின் துயர் பொறாமல் பாதிரியார் மறைவாகத் தொழுவம் புகுகிறார். வேலைநிறுத்தத் தலைவரான பெப்போனேயும் அவரோடு கைகோக்கிறார். கூலி உரிமையும் வாயில்லா உயிரின் வலியும் ஒருங்கே மனிதனை நெருக்கும் நிலையை உழவறிந்தவனே எழுத முடியும். மிதிவண்டியிலும் உடையிலும் இல்லாத நாட்டுப்புறம் இக்காட்சியில் இருக்கிறது.

சொந்த ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு இது அயலார் கதையன்று. இங்கே பிறந்து வளர்ந்த நம் மக்களுக்குத் தமிழகச் சிற்றூரைப் பெரிதும் அறிமுகப்படுத்துவது திரைப்படமே. தமிழ்ச் சிற்றூரின் மெய்யுருவெனப் போற்றப்பெற்ற '16 வயதினிலே' (1977) படத்தின் பெரும்பகுதி கருநாடகத்துக் கொள்ளேகால் பகுதியில் எடுக்கப்பெற்றது. இடம் வேறாயினும் அதில் நாம் கண்ட வாழ்வு நம்முடையதே. ஆகவே 'இது எந்த ஊர்?' என்பதினும் 'இங்கே யார் உழைத்தார், யார் உண்டார்?' என்பதே கேட்கத்தக்க கேள்வி.

படத்தைக் காட்டும்போதே பாட்டனாரின் வயலையும், அதில் வேலை செய்தோரின் பெயர்களையும் பிள்ளைகளுக்குச் சொல்லுதல் நம் கடன். அவற்றைக் காக்க அருங்காட்சியகம் ஏதுமில்லை. சொல்லாது விட்டால் நம் தலைமுறையோடு அவை மறையும்.