தரைக்கு மேலே மட்டும் கைத்திறன்

போர்ட் கிள்ளானிலோ பண்டமாரானிலோ ஒரு குடியிருப்புத் தாமானுக்குள் நுழைந்து பாருங்கள். ஒரே வரைபடத்தில் கட்டி விற்ற டெரஸ் வீடுகள்தாம். ஆனால் பத்தாண்டு போனால் ஒரு வீட்டின் முகம் அடுத்த வீட்டுக்கு இராது. சாவி கைக்கு வந்த சூட்டோடு காண்டிராக்டர் வந்துவிடுகிறார். பின்பக்கம் அடுப்படி நீள்கிறது, முன்பக்கம் கார் போர்ச்சுக்குக் கூரை ஏறுகிறது, மாடி ஏற முடியாத தாய் தகப்பனுக்குக் கீழே ஓர் அறை வருகிறது, கூடத்தின் மூலையில் சாமி அறை எழுகிறது. கட்டடக் கலைஞருக்குக் கொடுக்கப் பணமில்லாத குடும்பம் தன் வீட்டைத் தானே வடிவமைத்துக்கொள்ளும் வழி இதுதான். ரசனையற்ற ஒட்டுவேலை என்று இதைச் சிரித்து ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

மேம்பாட்டாளர் தந்த அடுப்படியில் ஒருவர் நின்று மீன் பொரிக்கலாம். பக்கத்தில் இன்னொருவர் நின்று தேங்காய் துருவ முடியாது. தீபாவளிக்கு முறுக்கு சுடும் வீட்டுக்கு அது எப்படிப் போதும்? நல்ல காண்டிராக்டர் இந்த இடத்தில்தான் தன் தொழிலைக் காட்டுகிறார். வெறுந்தரையில் சாக்கட்டியால் கோடு கிழித்து, "அக்கா, இங்க நில்லுங்க, கையத் தூக்குங்க" என்று சொல்லி, கை எட்டும் உயரத்தில் அலமாரிக்குக் குறி வைக்கிறார். தண்ணீர் நிரப்பிய டியூபைச் சுவருக்குச் சுவர் பிடித்து மட்டம் பார்க்கும் இந்தோனேசியத் தொழிலாளி, ஓடு பதித்தபின் கரணைக் காம்பால் தட்டி, ஓசை வெறுமையாகக் கேட்டால் பெயர்த்து மறுபடி பதிக்கிறார். எந்த வரைபடத்திலும் வராத அறிவு இது. வாழ்கிறவரும் கட்டுகிறவரும் நேருக்கு நேர் நின்று பேசிக் கட்டும் வீட்டில் ஒரு பொருத்தம் இருக்கிறது. விலைபேசி வாங்கிய வீட்டில் அது கிடைக்காது.

ஆனால் இந்த நீட்டிப்புகளின் கோளாறு தரைக்குக் கீழே. போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் 1901இல் போர்ட் கிள்ளான் துறைமுகம் திறந்த சில மாதங்களிலேயே மலேரியா அதை மூட வைத்தது. மருத்துவர் மால்கம் வாட்சன் வற்புறுத்திச் சதுப்பை வடிய வைத்த பிறகுதான் ஊர் நிலைத்தது. அலையாத்திக் காடும் கடற்களியுமாக இருந்த நிலம் இது. களி ஆழமானது, தண்ணீர் ஊறியது. மேலே மண்ணைக் கொட்டிப் பாரம் ஏற்றினால் உள்ளிருக்கும் நீர் மெதுவாகப் பிதுங்கி வெளியேறும்; நிலம் ஆண்டுக்கணக்கில் அமுங்கிக்கொண்டே இருக்கும்.

மூல வீடு ஆழத்தில் இறக்கிய பைல் தூண்கள் மீது நிற்கிறது. பின்னால் நீட்டிய அடுப்படியோ பெரும்பாலும் வெறும் காங்கிரீட் தளத்தின் மீது, மிஞ்சிப்போனால் குட்டையான பாக்காவ் மரக் கழிகள் மீது. வீடு நின்ற இடத்தில் நிற்க, அடுப்படி மட்டும் இறங்குகிறது. இரண்டும் சேரும் இடத்தில் விரிசல் விழுகிறது: கீழே மயிரிழை, மேலே போகப்போக விரல் நுழையும் அகலம். அடுப்படி வீட்டைவிட்டுப் பின்னால் சாய்வதற்கு அடையாளம் அதுவே. அந்த வாய் வழியாக மழை இறங்கும். காண்டிராக்டரைக் கூப்பிட்டால் சிமெண்டைக் குழைத்து அடைத்து, சாயம் பூசிவிட்டுப் போவார். அடுத்த மழைக்காலத்துக்குள் அதே கோட்டில் மறுபடியும் பிளக்கும், ஏனென்றால் இறக்கம் நிற்கவில்லை. விவரம் தெரிந்தவர் பழைய சுவரோடு புதுச் சுவரை இறுக்கிக் கட்டமாட்டார். நடுவில் இடைவெளி விட்டு, மேலே தகடு மடித்து மூடி, இரண்டும் தத்தம் போக்கில் அசைய விடுவார். செலவும் அதிகமில்லை. ஆனாலும் அப்படிச் செய்த வீடுகள் குறைவு.

காரணத்தைக் கைத்திறனில் தேடுவது தவறு. மார்பிள் போல் மின்னும் ஓட்டுக்கும் கொரிய அலமாரிக்கும் கணக்குப் பார்க்காமல் தருகிற நாம்தான், புதைந்துபோகும் பைலிங் என்றால் பேரம் பேசுகிறோம். வாடிக்கையாளர் கேட்காததைக் காண்டிராக்டர் ஏன் விலைப்பட்டியலில் சேர்க்கப் போகிறார்? சேர்த்தால் வேலை அடுத்தவருக்குப் போய்விடும். கண்ணுக்குத் தெரிகிற வேலைக்கே காசு என்றிருக்கும்வரை, தெரிகிற வேலையில்தான் திறமை வளரும்.

சற்றுத் தள்ளிப் பார்த்தால் வேறு பாடம் இருக்கிறது. படகேறிப் பூலாவ் கெத்தாம் தீவுக்குப் போனால், சேற்றை அறிந்த மீனவர்கள் கால்நட்டு எழுப்பிய இலகுவான வீடுகளைக் காணலாம். இன்னொன்று பாங்கியில் கட்டடக் கலைஞர் ஜிம்மி லிம் வடிவமைத்து 1992இல் முடிந்த சாலிஞ்சர் இல்லம். மரபுத் தச்சு முறையில் உறுதியான காட்டுமரத்தால் எழுப்பி, கால்கள் மீது நிறுத்திய வீடு. 1998இல் ஆகா கான் கட்டடக்கலை விருது பெற்றது. வரைபவரின் கணக்கும் தச்சரின் கையும் அங்கே ஒரே வேலையாகச் சேர்ந்தன. அதற்காக அதை டெரஸ்காரருக்கு முன்மாதிரியாக நீட்டினால் அபத்தம். அந்தக் காலமும் பணமும் மரமும் யாரிடம் இருக்கிறது?

காற்றும் வெளிச்சமும் இன்னொரு கணக்கு. 1984ஆம் ஆண்டுக் கட்டட விதிகள், வாழும் அறைக்குச் சன்னல் பரப்பு தரைப்பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது என்கின்றன. பின்பக்கம் முழுக்க அடைத்து நீட்டிய வீட்டில், நடுவறையின் சன்னல் வெளியைப் பார்க்காமல் புது அடுப்படியைப் பார்க்கிறது. பகலிலும் விளக்கு, எந்நேரமும் ஏர்கோன். உள்ளூராட்சி மன்ற அனுமதிக்கென்று ஒரு வரைபடம், கட்டும்போது வேறொன்று என்ற பழக்கம் இதை மூடி மறைக்கிறது. அண்டை வீட்டோடு பகிரும் ஒற்றைக்கல் சுவர்மீது உத்தரத்தை ஏற்றினால் விரிசல் நம் வீட்டோடு நிற்காது என்பதும் அனுமதிக்குக் கொடுக்கும் வரைபடத்தில் தெரிந்திருக்க வேண்டியதுதான்.

ஆக, இந்த வழக்கத்தைக் கைவிடச் சொல்லவில்லை. சாக்கட்டிக் கோட்டோடு நிற்காமல், ஒரு பொறியாளரின் ஒருநாள் வேலைக்கும் பணம் ஒதுக்கச் சொல்கிறேன். முன்பணம் கொடுக்கும் முன் காண்டிராக்டரிடம் கேளுங்கள்: பின்கட்டுக்குப் பைல் உண்டா, எத்தனை அடி இறங்கும், பழைய சுவரோடு எப்படிச் சேர்க்கப்போகிறீர்கள்? பதிலை விலைப்பட்டியலில் எழுதித் தரமாட்டேன் என்கிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.