சிவப்பு மையும் '18வது அட்சக்கோடு'ம்

2006ஆம் ஆண்டு நம் மும்பைப் பிள்ளைகளுக்காகச் சங்கத்தில் இரண்டு நாள் சிறுகதைப் பயிற்சி முகாம் நடந்தது. மூத்த உறுப்பினர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம். பாடம் நடத்தியவன் அடியேன்தான். என்ன தகுதி என்று கேட்டுவிடாதீர்கள். வாரப் பத்திரிகைகளில் நாலைந்து கதை வந்திருந்தது, கையில் ஒரு சிவப்பு மைப் பேனா இருந்தது. அவ்வளவுதான்.

கதை எழுதச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்ற கேள்வி பழையது. ரா.கி. ரங்கராஜன் அதைத் தபால் வழியாகவே செய்து காட்டியவர். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1936லிருந்து இதற்கென்றே ஒரு பட்டறை நடக்கிறது. முதல் வரி இழுக்க வேண்டும், நடுவில் முடிச்சு விழ வேண்டும், வளவளவென்று விளக்கக்கூடாது என்பதையெல்லாம் நானும் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். இவற்றைச் சொல்லிக்கொடுக்கலாம் என்பதில் இன்றும் எனக்குச் சந்தேகமில்லை. என் தப்பு வேறு இடத்தில் நடந்தது.

செம்பூர்ப் பெண் ஒருத்தி, பதினைந்து வயதிருக்கும், ஒரு கதை கொண்டுவந்தாள். 2005 ஜூலை 26. சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிய அந்த நாள்தான். அப்பா ஆபீஸிலிருந்து திரும்பவில்லை. மின்சாரம் இல்லை, போன் இல்லை. பாட்டி மாடிப்படியில் உட்கார்ந்து அழுகிறாள். அடுத்த வீட்டு மராட்டிக் கிழவி பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு "யேயில், யேயில்" என்கிறாள். வந்துவிடுவான் என்று அர்த்தம். பாட்டியின் காதில் அது "ஏழு" என்று விழுகிறது. "ஏழு மணிக்கு வந்துடுவானாண்டி" என்று பேத்தியிடம் சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாய்ங்காலம் முழுக்க நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறாள். அப்பா வந்தது மறுநாள் மத்தியானம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "யேயில்" என்பதை அடித்துவிட்டு, ஓரத்தில் 'தமிழில் எழுதுக' என்று எழுதினேன். "இதையே நம்ம ஊர்ப்பக்கம், ஆத்துல வெள்ளம் வர்ற மாதிரி மாத்திடும்மா, மண்வாசனை இருக்கும்" என்று வேறு உபதேசம் பண்ணினேன். அந்தப் பெண் தாமிரபரணியைப் பார்த்ததே இல்லை. "சரி அங்கிள்" என்றாள். மறுநாள் முகாமுக்கு வரவில்லை.

அந்த ஒரு சொல்லை எடுத்தால் கதையே இல்லை என்பது எனக்கு உறைக்கச் சில வருஷங்கள் ஆயின. உறைக்க வைத்தது அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு'. 1977இல் வெளிவந்த நாவல். அதற்கு முன்பும் படித்திருக்கிறேன். ஆனால் ஒரு பாடப்புத்தகமாகப் படித்ததில்லை.

அசோகமித்திரன் நம்மைப்போல வெளியூர்த் தமிழர் வீட்டுப் பிள்ளை. 1931இல் செகந்திராபாத்தில் பிறந்தவர். இருபது வயசு தாண்டி, 1952இல்தான் சென்னைக்குப் போனார். நாவலின் சந்திரசேகரனும் அங்கேயே வளர்ந்த ரயில்வே குடும்பத்துப் பையன். நிஜாம் ராஜ்யம் கவிழ்கிற 1948தான் காலம். ரஜாக்கர்கள், காந்தி கொலை, செப்டம்பரில் இந்திய ராணுவம் நுழைவது என்று சரித்திரம் மலைபோல் நிற்கிறது. பையனின் கவலையோ கிரிக்கெட், கல்லூரி, வீட்டு மாடு. லான்சர் பாரக்ஸில் சுற்றிலும் வேறு மதம், வேறு பாஷை. எதற்கும் ஆசிரியர் நின்று விளக்கம் சொல்வதில்லை. பையனுக்கு எவ்வளவு புரிந்ததோ அவ்வளவுதான் நமக்கும். நேற்றுவரை சேர்ந்து விளையாடியவன் இன்று முகம் கொடுக்காமல் போகிறபோது, ஊரில் என்னவோ நடக்கிறது என்று தெரிகிறது. அரைகுறையாகப் புரிகிற ஒரு நகரத்தில் வாழ்வது எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா? அந்த அரைகுறையையே அவர் தொழில் நுணுக்கமாக ஆக்கிக்கொண்டார். அந்தப் பெண்ணும் தன்னையறியாமல் அதைத்தான் செய்திருந்தாள்.

இன்னொன்று. நாவலில் கதை சொல்கிறவர் மாறிக்கொண்டே இருப்பார். ஓரிடத்தில் 'நான்', இன்னோரிடத்தில் 'சந்திரசேகரன்'. என் முகாமில் யாராவது இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையால் பெரிய வட்டமே போட்டிருப்பேன். பென்சிலால் குறித்துக்கொண்டு மறுபடி வாசித்தால், தன்னை உள்ளேயிருந்தும் வெளியேயிருந்தும் மாறி மாறிப் பார்த்துக் கூசுகிற வயது அதில் தெரிகிறது. முடிவோ அதைவிடத் துணிச்சல். கலவரத்தின்போது ஒரு வீட்டுக்குள் புகுந்துவிடுகிறான். குடும்பத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து ஒரு சின்னப் பெண் தன் உடையைக் களைந்து அவன் முன்னால் நிற்கிறாள். அவன் ஓடுகிறான். அதோடு நாவல் தீர்ந்தது. பிறகு அவன் திருந்தினான், எழுத்தாளனானான் என்று ஒரு வரி கிடையாது.

குறை இல்லாமல் இல்லை. நடுவில் சில பக்கங்கள் அந்தக் காலத்து அரசியலை அடுக்கிக்கொண்டே போகின்றன. அங்கே எனக்கு அலுப்புத் தட்டுகிறது.

ஊரை விட்டு இருபத்தைந்து வருஷம் கழித்து வந்த நாவல் இது. இடையில் 1973இல் அவர் அதே அயோவாவுக்கும் போயிருக்கிறார், பட்டறையில் பாடம் கேட்க அல்ல, பல தேசத்து எழுத்தாளர்கள் கூடித் தங்கி எழுதுகிற திட்டத்துக்கு. அதிலிருந்து 'ஒற்றன்!' கிடைத்தது. அதிலும் அந்நிய ஊரில் பாதி புரிந்தும் புரியாமலும் திரிகிற ஒரு மனிதர்தான்.

போன வருஷப் போட்டிக்கு வந்த கதைகளையும் படித்தேன். பாதிக்கு மேல் திண்ணை, வேப்பமரம், ஒற்றையடிப் பாதை. எழுதியவர்கள் தாராவியிலும் முலுண்டிலும் இருப்பவர்கள். லோக்கல் ரயில் ஒரே ஒரு கதையில் வந்தது, அதுவும் ஊருக்குப் போகிற ரயிலைப் பிடிக்க தாதர் போவதற்காக! அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானல்லவா அப்படிச் சொல்லிக்கொடுத்தவன்?

அந்தப் பெண் இப்போது புனேயில் வேலை பார்க்கிறாள். அவள் அம்மாவிடம் நம்பர் வாங்கிப் பேசினேன். அந்தக் கதை இருக்கிறதா என்று கேட்டேன். "எந்தக் கதை அங்கிள்?" என்றாள். 'ஏழு' என்றதும் சிரித்தாள். "பாட்டி கடைசிவரைக்கும் அந்த ஆஜிதான் சரியா டைம் சொன்னான்னு நம்பிண்டிருந்தா. நாள்தான் தப்பாம்." இது கதையில் இல்லாதது. எழுதி அனுப்பு என்றேன். பார்க்கலாம் என்றிருக்கிறாள்.

இவ்வருடப் போட்டி அறிவிப்பில் 'பிறமொழிச் சொற்கள் கலவாமல்' என்ற விதியை எடுத்துவிடும்படி செயற்குழுவுக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் விவாதிப்பதாகச் சொல்கிறார்கள்.